அழித்தாலும் திரும்பி வரும் செக் இன்ஜின் லைட்: ஈஎல்எம்327 புளூடூத் அடாப்டர் எதற்கு உதவும், எதற்கு உதவாது

பழைய காரில் செக் இன்ஜின் லைட் எரிந்து, அழித்த பிறகு சில நாளில் மறுபடியும் எரிந்தால், பலரும் அடுத்ததாக வாங்குவது தீப்பெட்டி அளவிலான ஈஎல்எம்327 புளூடூத் அடாப்டரைத்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகி, போனில் ஒரு ஆப்பைப் போட்டால் வண்டியின் இசியு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, பேச ஆரம்பித்துவிடும். எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: சரியான சிப் உள்ளதாகப் பார்த்து வாங்கினால், திரும்பத் திரும்ப வரும் கோளாறைப் பிடிக்க இதைவிடப் பயனுள்ள சிறு கருவி இல்லை. எரர் கோடு எண்ணைப் பார்த்து, அந்தப் பெயரில் உள்ள சென்சாரை மாற்றி, அழிப்பு பட்டனை அமுக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் வாங்கவே வேண்டாம். அந்த வழியில் நல்ல சென்சார்கள் குப்பைக்குப் போகும், லைட் மட்டும் திரும்பி வரும்.

ஓர் எச்சரிக்கை. லைட் நிலையாக எரிந்தால் கீழே சொல்வதையெல்லாம் நிதானமாகச் செய்யலாம். லைட் மினுக்கினால், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைக் கருக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து, ஓரமாக நிறுத்துங்கள்.

முதலில் சாக்கெட்டைப் பாருங்கள்

ஈஎல்எம்327 என்பது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய சிப். அதன் முதல் பதிப்பில் நகலெடுப்புத் தடையைப் போடாமல் விட்டதால் உள்ளே இருந்த நிரலை அப்படியே உருவிவிட்டார்கள். இன்று கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவை அந்த நகலின் வாரிசுகள். அட்டைப்பெட்டியில் 1.5 என்றோ 2.1 என்றோ அச்சிட்டிருப்பதை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. அது சிப் தன்னைப் பற்றிச் சொல்லும் ஒரு வரி, யாரும் மாற்றி எழுதலாம். எண் பெரிதாக இருப்பதே நல்லது என்ற எண்ணம் பழைய கார்க்காரர்களை நன்றாகவே ஏமாற்றுகிறது. 2.1 என்று வரும் மலிவு அடாப்டர்கள் பலவற்றில் பழைய கார்கள் பேசும் புரோட்டோகால்களே, அதாவது தகவல் பரிமாறும் மொழிகளே, வேலை செய்வதில்லை.

இந்த சாக்கெட்டையும் எரர் கோடுகளையும் பொதுவாக்கிய ஓபிடி2 தரநிலை அமெரிக்காவில் 1996 மாடல் முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமானது. சாக்கெட் ஒரே வடிவம்தான், உள்ளே ஓடும் புரோட்டோகால்கள் ஐந்து. உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்பதை வாங்கும் முன்பே டார்ச் அடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சாக்கெட்டின் அகலமான பக்கம் மேலே இருக்கும்படி நேராகப் பாருங்கள். மேல் வரிசை இடமிருந்து 1 முதல் 8, கீழ் வரிசை 9 முதல் 16. நான்கும் ஐந்தும் எர்த், 16 பேட்டரி பாசிட்டிவ். 6, 14 இரண்டிலும் உலோகத் தகடு இருந்தால் பெரும்பாலும் கேன் என்ற புரோட்டோகால். எந்த அடாப்டரும் ஓடும். அவை காலியாக இருந்து 7-இல் மட்டும் தகடு இருந்தால் கே-லைன், அதாவது ஐஎஸ்ஓ 9141-2 அல்லது கேடபிள்யூபி2000. 2-இல் தகடு இருந்தால் ஜே1850, பழைய அமெரிக்க வண்டிகளில் பார்க்கலாம். கே-லைனோ ஜே1850-ஓ இருக்கும் வண்டிக்கு மலிவு அடாப்டர் வாங்குவது சூதாட்டம். எஸ்டிஎன் வகை சிப் உள்ள ஓபிடிலிங்க் போன்றவை ஐந்து புரோட்டோகால்களையும் ஒழுங்காகப் பேசும், விலை கூடுதல். அல்லது திருப்பிக் கொடுக்க முடிகிற இடத்தில் வாங்கி, அன்றே செருகிப் பாருங்கள்.

செருகியதும் அடாப்டரில் விளக்கே வரவில்லை என்றால் அடாப்டரைத் திட்டும் முன் ஃபியூஸைப் பாருங்கள். பல வண்டிகளில் 16-ஆம் பின்னுக்கும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கும் ஒரே ஃபியூஸ்தான். லைட்டர் சாக்கெட்டில் மலிவு சார்ஜர் போட்டு அது என்றைக்கோ போயிருக்கும்.

இன்னொரு விஷயம், கே-லைனின் வேகம். கேன் பெரும்பாலும் நொடிக்கு 500 கிலோபிட். கே-லைன் வெறும் 10.4 கிலோபிட். ஆப்பில் பளபளவென்று பத்து டயலைத் திறந்து வைத்தால் ஒவ்வொன்றும் சில நொடிக்கு ஒருமுறைதான் நகரும். அப்படி வரும் ஆக்சிஜன் சென்சார் (எக்ஸாஸ்ட் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளப்பது) வரைபடத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது. ஒரு நேரத்தில் மூன்று நான்கு அளவுகள் போதும், மற்றதை மூடிவிடுங்கள்.

அழித்ததும் போய், சில நாளில் ஏன் வருகிறது?

இசியு பெரும்பாலான கோளாறுகளுக்கு ஒரே தடவையில் லைட்டைப் போடாது. முதல் ஓட்டத்தில் தப்பு தெரிந்தால் அதை பெண்டிங் கோடாகக் குறித்துவைக்கும். அடுத்த ஓட்டத்திலும் அதே சோதனை தோற்றால்தான் லைட் எரியும். சோதனைகளும் எல்லா நேரமும் ஓடாது. பெட்ரோல் ஆவிக் கசிவைப் பார்க்கும் ஈவாப் சோதனைக்கு இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், டேங்க் ஏறக்குறைய 15 முதல் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று பல கார்களில் நிபந்தனை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சோதனைக்குச் சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓட வேண்டும். ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டியில் இந்த நிபந்தனைகள் கூடி வரவே நாளாகும். அதனால் அழித்த பிறகு ஒரு வாரம் லைட் வராமல் இருப்பது எதையும் நிரூபிக்காது. சோதனையே இன்னும் ஓடவில்லை என்பதுதான் பெரும்பாலும் உண்மை.

இதைத் தெரிந்துகொள்ள ஆப்பில் ரெடினஸ் என்ற பக்கம் உண்டு. ஒவ்வொரு சோதனையும் முடிந்ததா, பாக்கியா என்று காட்டும். ரிப்பேர் முடிந்ததும் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். சம்பந்தப்பட்ட சோதனை முடிந்திருந்து, பெண்டிங் கோடும் இல்லையென்றால் ரிப்பேர் பிடித்துவிட்டது. சோதனை பாக்கி என்றால் இன்னும் ஓட்டுங்கள். லைட் வருமா என்று காத்திருப்பதைவிட இது பல நாள் முந்திச் சொல்லிவிடும்.

அழிப்பு பட்டன் மேல் எங்களுக்குள்ள கோபம் இதனால்தான். அதை அமுக்கினால் எரர் கோடு மட்டும் போவதில்லை. கோளாறு வந்த நொடியில் இசியு எடுத்து வைத்த ஃப்ரீஸ் ஃப்ரேம், ரெடினஸ் நிலை, பல வண்டிகளில் கற்று வைத்த ஃப்யூல் டிரிம் எல்லாமே சேர்ந்து போகும். தடயத்தைத் துடைத்துவிட்டுத் திருடனைத் தேடுகிற வேலை. அழிக்காமலே விட்டாலும் நஷ்டமில்லை. கோளாறு உண்மையிலேயே சரியாகியிருந்தால், தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் சோதனை தேறியதும் லைட் தானாக அணையும், 40 வார்ம்-அப் சுழற்சிகளுக்குப் பிறகு கோடும் தானாக நீங்கும். அழித்தே ஆக வேண்டுமானால் ஃப்ரீஸ் ஃப்ரேம் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு அழியுங்கள்.

ஃப்ரீஸ் ஃப்ரேமும் ஃப்யூல் டிரிமும்

கொடுத்த காசுக்கு இந்த அடாப்டர் திருப்பித் தருவது இங்கேதான். பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் போதவில்லை என்ற கோடு, பழைய கார்களில் அதிகம் திரும்பி வருவதில் ஒன்று. இதைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது பரவலான வழக்கம். சென்சார் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஃப்யூல் டிரிம் என்பது இசியு தன் கணக்குக்கு மேல் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதன் சதவீதம். ஷார்ட் டிரிம் நொடிக்கு நொடி ஆடும். லாங் டிரிம் மெல்ல நகர்ந்து நிலைபெறும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை பூஜ்யத்துக்கு இரு பக்கமும் பத்துக்குள் இருந்தால் கவலையில்லை. இப்போது ஃப்ரீஸ் ஃப்ரேம் இப்படி இருப்பதாக வையுங்கள்: வேகம் 0, ஆர்பிஎம் 760, கூலன்ட் 91 டிகிரி, லோடு 23 சதவீதம், ஷார்ட் டிரிம் கூட்டல் 7, லாங் டிரிம் கூட்டல் 19. வண்டி சூடேறி, நின்ற இடத்தில் ஐடிலில் இருக்கும்போது இசியு 26 சதவீதம் கூடுதல் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கிறது. அடுத்து, வண்டியை நிறுத்தியபடியே 2500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் பிடித்து டிரிம்மைப் பாருங்கள். அது 4, 5 என்று இறங்கினால் இன்ஜின் எங்கோ ஏர் இழுக்கிறது. ஓட்டையின் அளவு மாறாதது. ஐடிலில் உள்ளே போகும் காற்றே கொஞ்சம் என்பதால் அந்த ஓட்டை பெரிதாகத் தெரியும். ஆர்பிஎம் ஏறினால் மொத்தக் காற்றில் அது கரைந்துவிடும்.

எங்கே தேடுவது? ஏர் ஃபில்டர் பெட்டியில் இருந்து த்ராட்டில் பாடிக்குப் போகும் ரப்பர் குழாயின் மடிப்புகளை, குறிப்பாக மேலிருந்து தெரியாத அடிப்பக்கத்தை, கையால் விரித்துப் பாருங்கள். பிறகு பிசிவி ஹோஸ் (இன்ஜின் உள்ளே சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய்), பிரேக் பூஸ்டர் ஹோஸ், இன்ஜெக்டர் ஓ-ரிங், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட். இங்கே அடாப்டரே சோதனைக் கருவி. ஐடிலில் ஷார்ட் டிரிம்மைத் திரையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஹோஸாக மேனிஃபோல்டு முனையில் கழற்றி அந்த முனையை அடையுங்கள். எதை அடைத்ததும் எண் சட்டென்று பல புள்ளி இறங்குகிறதோ, கசிவு அந்தக் கிளையில். ஹோஸைக் கழற்றாமல் பிளையரால் நசுக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. காய்ந்து விறைத்த பழைய ரப்பர் அதிலேயே வெடிக்கும், ஒரு கசிவு இரண்டாகும். கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சித் தேடுவதும் பழைய பழக்கம்தான், பலனும் தரும். ஆனால் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல் பட்டால் தீப்பிடிக்கும். புகையைச் செலுத்திக் கசிவைக் காட்டும் ஸ்மோக் டெஸ்ட் செய்யும் பட்டறை இருந்தால் அதுவே மேல்.

இதில் ஒரு சிக்கல். மேலே சொன்ன கணக்கு, உள்ளே போகும் காற்றின் அளவை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள இன்ஜின்களுக்குத்தான் பொருந்தும். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை மட்டும் நம்பும் இன்ஜினில், கசிந்து உள்ளே வரும் காற்றும் அழுத்தமாக அளக்கப்பட்டுவிடும், இசியு அதற்கேற்பப் பெட்ரோலும் கொடுத்துவிடும். டிரிம் அவ்வளவாக ஏறாது, ஐடில் ஆர்பிஎம் ஏறும். உங்கள் வண்டியில் எந்த சென்சார் என்பது ஆப்பின் லைவ் டேட்டாவில் எது எண் காட்டுகிறது என்பதிலேயே தெரியும்.

நேர்மாறான நிலையும் உண்டு. ஃப்ரீஸ் ஃப்ரேமில் வேகம் 85, ஆர்பிஎம் 2900, லோடு 78. ஐடிலில் டிரிம் 3-தான், ஏற்றத்தில் மிதித்தால் 20-ஐத் தாண்டுகிறது. இது பெட்ரோல் போய்ச் சேராத கோளாறு, அல்லது ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்கேறி குறைத்துக் காட்டுவது. முதலில் சென்சாரை அதற்கென்றே விற்கும் கிளீனரால் கழுவுங்கள், கம்பியைத் தொடாதீர்கள், நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். கார்புரேட்டர் கிளீனர் இதற்கு ஆகாது. எண்ணெய் தடவிய ஏர் ஃபில்டர் போட்டிருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். கழுவியும் மாறவில்லையென்றால் ஃப்யூல் பிரஷர் கேஜ் வேண்டும். போர்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் 3 முதல் 4 பார் வரை இருக்கும், சரியான அளவு சர்வீஸ் மேனுவலில். ஃபில்டர் அடைத்ததா, பம்ப் தேய்ந்ததா என்று கேஜ்தான் சொல்லும், அடாப்டர் சொல்லாது.

மிஸ் அடிக்கும் கோடுகள்

மிஸ் அடிப்பது என்றால் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் தவறுவது. பி0301 முதல் பி0304 வரை எந்த சிலிண்டர் என்று சொல்லிவிடும், பி0300 சொல்லாது. ஒரே சிலிண்டர் என்றால், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றிப் போட்டுப் பாருங்கள். பி0302 வந்திருந்தால், 2-ஆம் சிலிண்டரின் காயிலை 3-க்கும், 3-இன் காயிலை 2-க்கும் போட்டு ஓட்டினால், கோடு பி0303-க்கு நகர்ந்தால் காயில் போய்விட்டது. நகரவில்லையென்றால் பிளக், பிறகு இன்ஜெக்டர், கடைசியில் கம்ப்ரஷன் என்ற வரிசை. காயிலைக் கழற்றும்போதே பிளக் குழியில் ஆயில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் வால்வ் கவர் கேஸ்கெட்டை மாற்றாமல் புதுக் காயில் போட்டுப் பயனில்லை, அதுவும் ஊறிக் கெடும்.

ஃப்ரீஸ் ஃப்ரேம் இங்கும் திசை காட்டும். லோடு அதிகமாக இருக்கும்போது மிஸ் அடித்தால் பிளக் இடைவெளி, காயில் பக்கம் போங்கள். குளிர்ந்த ஐடிலில் மட்டும் மிஸ் அடித்தால் ஏர் கசிவு, இன்ஜெக்டர், வால்வ் பக்கம்.

பி0420

அதிகம் பணம் வீணாவது இந்தக் கோடில். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்பது இதன் பொருள். மாற்று என்று உடனே சொல்லிவிடுவார்கள், அது காரிலேயே விலை கூடிய உதிரிகளில் ஒன்று. இன்ஜினை நன்றாகச் சூடேற்றி 2500 ஆர்பிஎம்மில் இரண்டு நிமிடம் பிடித்து, கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரின் வோல்ட்டேஜைப் பாருங்கள். முன்பக்க சாதாரண சென்சார் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும், பின்பக்கம் 0.6, 0.7 அருகில் ஏறக்குறைய அசையாமல் இருக்க வேண்டும். பின்பக்கமும் முன்பக்கத்தைப் போலவே துள்ளினால் கன்வெர்ட்டர் மேல் சந்தேகம் நியாயம். வைட்பேண்ட் என்ற வேறு வகை ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டியில் முன்பக்கம் இப்படித் துள்ளாது. பின்பக்கத்தை மட்டும் பாருங்கள்.

அப்போதும் அவசரப்படாதீர்கள். சென்சாருக்கு அருகே எக்ஸாஸ்ட் இணைப்பில் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய் அளவு பொய்யாகும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இணைப்புகளில் டிக் டிக் சத்தமும் கரிப்படிவும் இருக்கிறதா என்று பாருங்கள். கன்வெர்ட்டர் தானாகச் சாவது குறைவு. மிஸ் அடிப்பது, ஆயில் குடிப்பது, கூலன்ட் எரிவது, அளவுக்கு மீறிப் பெட்ரோல் ஊற்றுவது ஆகியவைதான் அதைக் கொல்லும். காரணத்தை விட்டுவிட்டுப் புதிதைப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

மீதிக் கோடுகள், சுருக்கமாக

பி0455, பி0442 (பெட்ரோல் ஆவிக் கசிவு) என்றால் டேங்க் மூடியின் ரப்பர் வளையத்தில் இருந்து தொடங்குங்கள். வெடித்திருந்தால் மூடியை மாற்றுங்கள். பெட்ரோல் போட்ட உடனே ஸ்டார்ட் ஆக மறுத்தால், டேங்க் ஆவியை இன்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வ் திறந்தபடி சிக்கியிருக்கும். கழற்றி, மின்சாரம் இல்லாத நிலையில் ஊதினால் காற்றே போகக் கூடாது.

பி0128 (கூலன்ட் போதிய அளவு சூடேறவில்லை) என்றால் இன்ஜின் ஆறியதும் கூலன்ட் மட்டத்தைப் பார்த்துவிட்டு, ஓட்டும்போது வெப்பநிலையைப் பதிவு செய்யுங்கள். நெடுஞ்சாலையில் எண் இறங்கி, நின்றதும் ஏறினால் தெர்மோஸ்டாட் திறந்தே கிடக்கிறது. இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். வெகுவாக மாறினால் சென்சார் பொய் சொல்கிறது.

பி0135, பி0141 ஆக்சிஜன் சென்சார் ஹீட்டர் கோடுகள். ஃபியூஸ் சரியாக இருந்தால் கனெக்டரைக் கழற்றி ஹீட்டர் பின்களில் மல்டிமீட்டர் வையுங்கள். சில ஓம்கள் காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது, வயரிங்கைத் தேடுங்கள். ஓப்பன் காட்டினால் சென்சார் தீர்ந்தது.

கைவிடும் இடங்கள்

சம்பந்தமில்லாத ஐந்தாறு கோடுகள் ஒன்றாக வந்தால் எதையும் மாற்ற வேண்டாம். பழைய வண்டியில் அது அனேகமாக பேட்டரியோ எர்த்தோதான். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.5 முதல் 14.7 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே அளந்து, 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் பட்டையைக் கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள். அடாப்டர் காட்டும் வோல்ட்டேஜை இதற்கு நம்ப வேண்டாம். மலிவு சிப்கள் அரை வோல்ட் வரை தள்ளிக் காட்டுவதுண்டு, மல்டிமீட்டரே சாட்சி.

ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகளைச் சாதாரண ஓபிடி2 ஆப்கள் படிக்காது. பி1 என்று தொடங்கும் கோடுகள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு பொருள் தரும். ஆப் தரும் பொது விளக்கத்தை நம்பாமல் உங்கள் மாடலின் மேனுவலைப் பாருங்கள். ஆப்களில் டார்க் (Torque) ஆண்ட்ராய்டில் மட்டும் ஓடும். கார் ஸ்கேனர் இரண்டு வகைப் போனிலும் ஓடும், ரெடினஸ், ஃப்ரீஸ் ஃப்ரேம் பக்கங்களைத் தேட வேண்டியதில்லை. ஐபோன் வைத்திருப்பவர்கள் பழைய வகை புளூடூத் அடாப்டரை வாங்கிவிட்டுத் தவிப்பார்கள்; வைஃபை அல்லது புளூடூத் எல்இ என்று போட்டிருப்பதை வாங்குங்கள். ஓட்டும்போது திரையைப் பார்க்கும் வேலையே வேண்டாம், பதிவு செய்து நின்ற பிறகு பாருங்கள்.

வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றி வையுங்கள். 16-ஆம் பின்னில் சாவி எடுத்த பிறகும் மின்சாரம் உண்டு. தூங்கப் போகும் வசதி இல்லாத அடாப்டர் 40 மில்லிஆம்ப் இழுத்தாலே ஒரு நாளில் ஏறக்குறைய 1 ஆம்ப்-மணி போய்விடும். அரை உயிரோடு இருக்கும் பழைய பேட்டரி இரண்டு வாரம் தாங்காது. சாக்கெட் ஓட்டுநரின் முழங்காலுக்கு நேராக இருக்கும் கார்களில் ஒரு சிறிய எக்ஸ்டென்ஷன் கேபிளும் சேர்த்து வாங்குங்கள். கால் பட்டுச் சாக்கெட்டின் பின்கள் வளைந்தால் அதற்குப் பிறகு எந்த ஸ்கேனரும் ஒழுங்காக உட்காராது.